ஏதிலார் கற்ற ஆங்கிலம்

கி.பி. 1586ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் இரு சிறு நூல்கள் அச்சேறின. ஒன்று, வில்லியம் புல்லோக்கர் என்பார் இயற்றிய ஆங்கில இலக்கணம். ஆங்கில மொழிக்கு அச்சில் வெளிவந்த முதல் இலக்கணம் இதுவே என்பது அறிஞர் துணிபு. மற்றொன்று, ஜாக் பெல்லோ என்னும் பிரெஞ்சுக்காரர், தம் நாட்டினின்றும் ஓடிவந்து இலண்டனில் அடைக்கலம் புகுந்தார்க்கென எழுதிய உரையாடல் நூல். 'பழகு உரையாடல்கள்' என அதன் பெயரைத் தமிழிற் கூறலாம். முன்னதை ஆங்கில மொழி வரலாறு எழுதுவோர் குறிப்பிடத் தவறுவதில்லை. பின்னதைப் பெரும்பாலோர் ஒரு பொருட்டாகக் கருதுவதில்லை. ஆயின், அந்நாளை ஆங்கிலம் தெருவிலும் கடையிலும் உணவு மேசையிலும் எவ்வாறு வழங்கிற்று என அறிய விழைவார்க்கு இலக்கண நூலினும் உரையாடல் நூலே மிகுதியும் உதவுகின்றது. ஒரே ஆண்டில், ஒரே நகரில், ஒரே மொழியைப் பற்றி எழுந்த இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியாதன போல நிற்கின்றன. இரண்டும் வெவ்வேறு தேவையிற் பிறந்தமையே அதற்குக் காரணம். அத்தேவைகள் யாவை, இவ்விரு நெறிகளும் பின்னர் எவ்வாறு ஒன்றுகூடின, ஒரு மொழியின் அன்றாடப் பேச்சு முதற்கண் யார் பொருட்டு ஏட்டில் ஏறுகின்றது என்பனவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

வழக்கும் செய்யுளும் ஆகிய இரண்டையும் இலக்கணத்திற்கு முதலாகக் கொண்டவர் நம் முன்னோர். தொல்காப்பியப் பாயிரம் இதனை வெளிப்படக் கூறும். ஆகவே, தாய்மொழிக்கு முதன்முதல் இலக்கணம் வகுக்கப் புகுந்த ஒருவர் அம்மொழியின் வழக்கை நோக்காது வேறொரு மொழியின் ஏட்டை நோக்கினார் என்பது தமிழ் பயின்றார்க்குச் சற்று விந்தையாகவே தோன்றும். ஐரோப்பாவில் அந்நாளில் இலக்கணம் என்றால் இலத்தீன் இலக்கணமே. இங்கிலாந்தில் 'இலக்கணப் பள்ளி' என வழங்கிய பள்ளிகளில் கற்பிக்கப்பட்டது ஆங்கில இலக்கணம் அன்று, இலத்தீன். வில்லியம் லில்லி என்பார் பெயரால் வழங்கிய இலத்தீன் இலக்கணம் அரசாணையால் பள்ளிகட்கெல்லாம் உரிய பாடநூலாய் நின்றது. புல்லோக்கர் தம் நூலை அந்நூலின் அடியொற்றியே செய்தார். ஆங்கிலமும் விதிக்கு உட்பட்ட மொழியே, இலத்தீனுக்கு உள்ள பாகுபாடுகள் இதற்கும் உள என நாட்டுதல் அவர் நோக்கங்களுள் ஒன்று. ஆங்கிலச் சிறுவர் பின்னர் இலத்தீன் கற்றற்கு இது வழியாகும் என்பது மற்றொன்று. எழுத்துச் சீர்திருத்தத்திலும் பேரார்வம் கொண்டிருந்த அவர், தாம் புதிதாக வகுத்த எழுத்து முறையிலேயே இலக்கணத்தையும் அச்சிட்டார். அம்முறை நிலைபெறவில்லை. தாய்மொழியின் பெருமையை நிலைநாட்ட எழுந்த நூல் அது. கடைக்குச் சென்று மீன் வாங்க வேண்டியவனுக்கு அதனால் பயன் இல்லை.

கடைக்குச் சென்று மீன் வாங்க வேண்டியவர் அந்நாளில் இலண்டனில் ஆயிரக்கணக்கினர் இருந்தனர். ஆங்கிலேயர் அவர்களை வைத்து வழங்கிய சொல்லை 'ஏதிலார்' என மொழிபெயர்த்தல் பொருந்தும். அயலார் என்னும் பொருளோடு, உறவும் பற்றும் அற்றார் என்னும் குறிப்பும் அச்சொல்லுக்கு உண்டு. பிரான்சிலும் நெதர்லாந்திலும் சீர்திருத்தக் கிறித்தவர் துன்புறுத்தப்பட்டபோது அவர்களுட் பலர் கடல் கடந்து இங்கிலாந்தை அடைந்தனர். 1550இல் ஆறாம் எட்வர்டு மன்னர் ஏதிலார்க்கெனத் தனித் திருச்சபை அமைத்துக்கொள்ளப் பட்டயம் வழங்கினார். மேரி அரசியின் ஆட்சியில் அவ்வுரிமை இழக்கப்பட்டுப் பின் எலிசபெத்தின் ஆட்சியில் மீண்டும் கிடைத்தது. 1572 ஆகஸ்டு 24ஆம் நாள் பாரிசில் தொடங்கிய பர்த்தலமேயு திருநாட் படுகொலையின் பின் வந்தவர் பலர். 1585 ஜூலையில் நெமூர் உடன்படிக்கையால் பிரெஞ்சு மன்னர் சீர்திருத்தச் சமயத்தை அடியோடு விலக்கியபோது மேலும் ஒரு கூட்டம் வந்தது. பெல்லோவின் நூல் அடுத்த ஆண்டே வெளிவந்தமையை இதனோடு வைத்து எண்ணுதல் வேண்டும்.

வந்தவர் நெசவாளர், பொற்கொல்லர், அச்சுத் தொழிலாளர் எனப் பல தொழிலினர். அவர்தம் தொழில் திறனை அரசு விரும்பிற்று. நகரத்துத் தொழிலாளர் விரும்பவில்லை. 1517இன் மேத் திங்கள் முதல் நாளில் அயலார் வீடுகள் சூறையாடப்பட்ட செய்தியை மக்கள் மறந்திருக்கவில்லை. 1593 மே 5ஆம் நாளிரவு டச்சுத் திருச்சபையின் மதிலில் ஏதிலாரை வெட்டி வீழ்த்துவோம் என அச்சுறுத்தும் பாட்டொன்று ஒட்டப்பட்டது. இத்தகைய ஊரில் வாய் திறந்து ஒரு சொல் தவறாகச் சொல்வதும் ஒருவனை அயலான் எனக் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலம் பேசத் தெரிதல் அவர்கட்குக் கல்விப் பேறு அன்று. உணவும் காப்பும் ஆகும்.

பெல்லோவுக்கு முன்னும் இருமொழி உரையாடல் நூல்கள் இருந்தன. ஆங்கில நாட்டின் முதல் அச்சாளரான காக்ஸ்டன் 1483ஐ ஒட்டி அத்தகைய நூலொன்றை வெளியிட்டார். புரூஜ் நகரில் பதினான்காம் நூற்றாண்டில் எழுந்த பிரெஞ்சு-பிளெமிய நூலொன்றில் பிளெமியப் பகுதியை நீக்கி ஆங்கிலத்தை வைத்தமைத்தது அது. அவர் நெடுங்காலம் அப்பகுதியில் வாணிகராய் வாழ்ந்தவராதலின் அவருடைய ஆங்கிலத்திலும் பிளெமியச் சாயல் படிந்திருத்தலை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். வணக்கம் கூறுதல், வீட்டுப் பொருள்கள், துணி வகை, பலவகைத் தொழிலாளர் என அந்நூல் செல்லும். இதனைப் பயன்கொண்டவர் பெரிதும் பிரெஞ்சு கற்க விழைந்த ஆங்கில வாணிகர். பெல்லோவின் காலத்திலும் நிலைமை அதுவே. கிளாட் தெ சான்லியென் என்னும் பிரெஞ்சு ஏதிலார் இலண்டனில் பள்ளி நடத்தி ஆங்கிலேயர்க்குப் பிரெஞ்சு கற்பித்தார். ஜான் புளோரியோ இத்தாலியம் கற்பித்தார். புளோரியோ 1578இல் வெளியிட்ட நூலின் உரையாடல் ஒன்றில், ஆங்கிலம் இங்கிலாந்தினுள் பயன்படுமே யன்றி டோவர் துறையைக் கடந்தால் மதிப்பற்றது என ஒருவர் கூறுவதாக வருகின்றது. இன்று அதனைப் படிப்போர்க்கு நகை தோன்றும். அந்நாளில் அது வெறும் உண்மை. ஆங்கிலத்தை அயலார் கற்பதற்குப் பெருங்காரணம் ஏதும் இல்லை, ஓடிவந்து அந்நாட்டிலேயே வாழ நேர்ந்தாலன்றி.

பெல்லோ நார்மண்டிப் பகுதியில் உள்ள கான் நகரத்தவர். நற்குடிப் பிறந்தார் எனத் தம்மைக் குறிப்பவர். அவரும் பிரெஞ்சு கற்பித்தே வாழ்ந்தார். அவருடைய முதல் நூல் 1580இல் வெளிவந்த 'ஆங்கில ஆசான்'. எலிசபெத்து அரசியை மணக்க விழைந்திருந்த பிரெஞ்சு இளவரசர் அலன்சோன் கோமகனுக்கு அதனை அவர் உரிமையாக்கினார். எழுத்தொலிகளும், ஒலியால் ஒத்துப் பொருளால் வேறுபட்டு அயலாரை மயக்கும் சொற்களும் அதன் பெரும்பகுதி. 'ஹோல்' என்னும் ஒலி துளையையும் குறிக்கும், முழுமையையும் குறிக்கும். எழுத்தால் மட்டும் வேறுபடும். இத்தகைய மயக்கங்களைத் தெளிவிக்கும் நூல் அது. இளவரசருக்கு உரிய நூலாதலின் அதில் கடைத்தெரு இல்லை.

ஆறாண்டு கழித்து வந்த இரண்டாம் நூல் முற்றிலும் வேறு. தாம் பட்டறிந்ததைக் கொண்டே இதனைச் செய்ததாக முன்னுரையில் ஆசிரியர் கூறுகின்றார். அடைக்கலம் புகுந்த நாட்டின் மொழியைப் பிறர் பேசக் கேட்டு உணரவும் மாட்டாது, தம் கருத்தைத் தாமே சொல்லவும் மாட்டாது நிற்பார் படும் துயர் எத்தகையது என்பதை முன்னர்த் தாம் அறிந்ததாகக் குறிக்கின்றார். உரிமையுரைகளில் புரவலரைப் புகழ்ந்து பக்கங்களை நிரப்பும் காலத்தில் இவ்வாறு துயரைக் காரணமாகக் காட்டி நூல் தொடங்கியமை கருதத்தக்கது. நூலை அச்சிட்ட தாமஸ் வோத்ரோலியேயும் பிரான்சிலிருந்து வந்த ஏதிலாரே. பிளாக்பிரையர்ஸ் பகுதியில் அச்சகம் வைத்திருந்தார். ஷேக்ஸ்பியரின் ஊரினரான ரிச்சர்டு பீல்டு தொழில் பயின்றது இவ்வச்சகத்திலேயாம். பின்னர் அதனை ஏற்று நடத்திய அவரே 1593இல் ஷேக்ஸ்பியரின் முதல் அச்சு நூலை வெளியிட்டார். இஃது இடையே நினைவுக்கு வந்த செய்தி, பெல்லோவுக்குத் திரும்புவோம்.

உரையாடல்கள் ஒரு நாளின் போக்கை ஒட்டி அமைந்தவை. விடியலில் எழுதல், சிறுவர் பள்ளிக்குச் செல்லுதல், பின்னர் கடைத்தெரு. கோழி வாணிகர், பழ வாணிகர், துணி வாணிகர், மீன் விற்போர், ஊன் விற்போர் என ஒவ்வொருவரிடமும் விலை கேட்டல், குறைத்துக் கேட்டல், வாங்குதல். அதன்பின் நண்பரோடு விருந்து, சூதாட்டம், வழிச்செலவு. இலக்கண விதி ஒன்றேனும் தனித்துக் கூறப்படவில்லை. சொற்றொடர்களே உள்ளன, அவையும் குறுந்தொடர்கள். கேள்வியும் விடையும் மாறிமாறி வருதலின், கற்போர் ஒன்றை மனப்பாடம் செய்தால் அதற்கு மறுமொழியாகப் பிறர் கூறக்கூடியதையும் உடன் அறிந்துகொள்வர். அயல்மொழி பேசத் தொடங்குவார்க்குத் தாம் சொல்வது எளிது. எதிரே நிற்பவர் மறுமொழி கூறுங்கால்தான் திகைப்பு உண்டாகும். அத்திகைப்பை அறிந்தே இவ்வுரையாடல்கள் அமைக்கப்பட்டுள்ளன என்பது எம் கருத்து.

விருந்துப் பகுதி நம் கருத்தைப் பெரிதும் ஈர்க்கின்றது. உண்ணும்போது ஒருவர் ஊர்ச் செய்தி கேட்கின்றார். பிரான்சு முழுதும் நோயும் பஞ்சமும் என்பதன்றி வேறு செய்தி இல்லை என மறுமொழி வருகின்றது. இந்நாட்டுக்கு வந்துசேர்ந்தார் தொகை பெரிதோ எனக் கேட்கப் பெரிதே எனவும், அவருட் பலர் வறுமையால் மிக வருந்தி வாழ்கின்றனர் எனவும் கூறப்படுகின்றது. கேட்டவர் இரங்குகின்றார். மொழிப்பாட நூலில் இத்தகைய பேச்சு எதற்கு என ஒருவர் வினவலாம். ஏதிலார் ஒருவர் இலண்டனில் எந்த ஆங்கிலேயரோடு உண்ண அமர்ந்தாலும் முதலிற் கேட்கப்படும் வினா அதுவாகவே இருந்திருக்கும். அதற்கு விடை கூறத் தெரிந்திருத்தல் மீன் விலை கேட்கத் தெரிந்திருத்தலை ஒத்த தேவையே. அன்றியும், தம் துயரைப் பிறர் மொழியிற் சொல்லிப் பிறர் இரக்கத்தைப் பெறும் தொடர்களையும் பாடமாக வைத்தார் பெல்லோ. இவ்வாறு வைக்கத் துணிந்த பாடநூல் ஆசிரியர் பின்வந்தாருள் மிகச் சிலரே.

நூலின் அமைப்பிலும் ஒரு புதுமை உண்டு. பக்கந்தோறும் நெடுக்காக மூன்று பத்திகள். முதலாவதில் ஆங்கிலம், அடுத்ததில் அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு, மூன்றாவதில் அவ்வாங்கிலமே, பிரெஞ்சு வாசிப்பார் கண்டவாறு ஒலித்தால் ஆங்கில ஒலி பிறக்குமாறு திருத்தி எழுதிய எழுத்தில். ஆங்கிலத்தில் எழுத்து ஒருவழியும் ஒலி ஒருவழியும் செல்லுதலை எல்லோரும் அறிவர். ஏட்டில் உள்ளவாறே படித்தால் கடைக்காரர்க்கு விளங்காது. இம்மூன்றாம் பத்தி அக்குறையை நீக்க முயல்கின்றது.

தமிழிலக்கணம் பயின்றார் இதனை ஒரு கணம் நின்று நோக்குதல் தகும். வடமொழிச் சொற்களைத் தமிழ் எழுத்தொலிக்கு இயைந்த அளவில் ஆளவேண்டும் என்பது தொல்காப்பிய எச்சவியல் கொண்ட நெறி. அங்கே அயற்சொல் நம் மொழிக்குள் வந்து நம் ஒலிக்கு அடங்குகின்றது. பெல்லோவின் முயற்சி இதற்கு நேர்மாறு. சொல் தன் நாட்டிலேயே நிற்கின்றது. கற்பவன் நாவே அதன்பாற் செல்ல வேண்டியுள்ளது. அதற்குத் தன் எழுத்தை ஊன்றுகோலாகக் கொள்கின்றான். ஊன்றுகோல் எல்லாவிடத்தும் உதவாது. ஆங்கிலத்தில் நாநுனி பல்லிடை உரசிப் பிறக்கும் ஒலிக்குப் பிரெஞ்சில் எழுத்து இல்லை, ஒலியும் இல்லை. எனினும் இப்பத்தியால் மொழி வரலாற்றார்க்கு விளைந்த நன்மை பெரிது. ஆங்கிலேயர் தம் மொழியை எழுதும்போது மரபெழுத்தையே எழுதுவர். ஆகலின் அவர் ஏடுகள் அவர்தம் ஒலியை மறைத்துவிடும். அயலார் காதாற் கேட்டதை அயலெழுத்தில் எழுதியபோது, மறைந்த ஒலி ஓரளவு வெளிப்படுகின்றது. சொற்கள் விரைந்த பேச்சில் குறைந்தும் திரிந்தும் வருதலை நாம் மரூஉ என்போம். அத்தகைய திரிபுகள் இலக்கண நூலில் இடம்பெறுவதில்லை; இத்தகைய நூல்களிலேயே தேடத்தக்கன.

மேடையிலும் இவ்வகைப் பாடம் ஏறியுள்ளது. 1599ஐ ஒட்டி எழுந்த 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில் பிரெஞ்சு இளவரசி கேத்தரின் தன் தோழியிடம் ஆங்கிலம் கற்கும் காட்சி ஒன்று வருகின்றது. கை, விரல், நகம் என உறுப்புப் பெயர்களைக் கேட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கின்றாள். இறுதியில் இரு சொற்கள் பிரெஞ்சுச் செவிக்கு இடக்கராக ஒலித்தலின் நாணுகின்றாள். பின் அவற்றையும் விடாது ஒப்பிக்கின்றாள். உரையாடல் நூல்களின் பாட முறையை நன்கறிந்தாரன்றி இக்காட்சியை எழுதியிரார். ஷேக்ஸ்பியர் இலண்டனில் மவுண்ட்ஜாய் என்னும் பிரெஞ்சு ஏதிலார் வீட்டில் குடியிருந்தமை 1612ஆம் ஆண்டு வழக்குமன்றச் சான்றுரையால் விளங்குகின்றது. அதனைக் கொண்டு இக்காட்சி அவ்வீட்டிற் பிறந்தது என்பார் உளர். சான்றுரை குறிக்கும் காலம் நாடகத்திற்குப் பிற்பட்டதாதலின் அம்முடிபை யாம் ஏற்கவில்லை. இலண்டனில் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலம் பயிலுதலைக் காண அவ்வீட்டிற்கே செல்லவேண்டும் என்பதும் இல்லை.

இனி இலக்கண நெறியைக் காண்போம். புல்லோக்கருக்குப் பின் ஆங்கில இலக்கணங்கள் பலவும் அயலாரை நோக்கித் திரும்பின. பென் ஜான்சன் எழுதியதும் அவர் மறைவுக்குப் பின் 1640இல் அச்சானதுமாகிய இலக்கணம், ஏதிலார் அனைவர்க்கும் பயன்படுமாறு, இப்போது பேசப்பட்டு வழங்கும் ஆங்கிலத்தை நோக்கி எழுதியது எனத் தலைப்பிலேயே அறிவிக்கின்றது. ஆயினும் ஆங்கிலத்தின் இயல்பை அறிந்து இலக்கணம் கண்டவர் ஜான் வாலிஸ். இவர் மொழிப் பேராசிரியர் அல்லர். 1649 முதல் ஆக்ஸ்போர்டில் வடிவியற் பேராசிரியர். கணிதத்தில் முடிவிலிக்கு இன்று வழங்கும் குறி இவர் வகுத்ததே. உள்நாட்டுப் போர்க் காலத்தில் மறைமொழிக் கடிதங்களைப் படித்துத் தந்தவர். 1653இல் இவர் இலத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணம் அயல்நாட்டாரை நோக்கியதே. ஆங்கிலச் சமய நூல்களைப் படிக்க விழையும் அயல்நாட்டறிஞர் பலர் என்பதை அவர் முன்னுரையில் காரணமாகக் காட்டுகின்றார். இவ்வேதிலார் வறியர் அல்லர். தத்தம் நாட்டில் நூலகத்தில் இருப்பவர்.

வாலிசின் நூல் ஒலிகளின் பிறப்பைப் பற்றிய ஆராய்ச்சியோடு தொடங்குகின்றது. தொண்டையினின்றும் எழும் காற்று, நா, பல், இதழ் ஆகியவற்றில் தடையுற்றும் நெகிழ்ந்தும் ஒலியாதலை அவர் வகைப்படுத்துகின்றார். தொல்காப்பியப் பிறப்பியலைப் பயின்ற நமக்கு இஃது அயலாகத் தோன்றவில்லை. செவிப்புலன் இல்லாத இளைஞர் ஒருவர்க்கு 1660-களின் தொடக்கத்தில் அவர் பேசக் கற்பித்ததும் இவ்வாராய்ச்சியின் துணைகொண்டேயாம். பெயர்ச்சொற்களில் இலத்தீன் வேற்றுமைகளைக் காணும் முயற்சியை அவர் கைவிட்டார். ஆங்கிலத்தில் வேற்றுமைப் பொருளை முன்னிடைச் சொற்கள் உணர்த்துகின்றன. ஆதலின் இல்லாத உருபுகளை இருப்பனவாகக் கொண்டு கற்போரை வருத்துதல் வீண் என்றார். புல்லோக்கர் தம் மொழிக்குப் பெருமை தேடினார். வாலிஸ் அயலார்க்கு விளக்கம் தேடினார். உண்மை பின்னவர்க்கே அகப்பட்டது.

வழக்கை அவர் நோக்கிய நுட்பத்திற்கு இரு சான்றுகள் காட்டுவோம். முன்னிலையில் ஒருவரைப் பன்மையால் அழைப்பதே ஆங்கில வழக்கு என்றும், ஒருமையால் அழைத்தல் இகழ்ச்சிக் குறிப்பாகவோ அன்பின் நெருக்கமாகவோ கொள்ளப்படும் என்றும் அவர் எழுதினார். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில், ஒருவரைப் பன்மையாற் கூறுதல் வழக்கில் உள்ள உயர்த்துச் சொல்லும் சொல்லேயன்றி இலக்கண நெறியன்று எனக் கொண்டமையோடு இஃது எவ்வளவு ஒத்துள்ளது! இலக்கணம் ஒருமை என்கின்றது, வழக்கு பன்மை என்கின்றது. இரண்டையும் மறையாது கூறுவதே நூலோர் கடன். ஆங்கிலம் புதிதாகக் கற்ற அயலான் ஒருவன் இலக்கணப்படி ஒருமையால் விளித்துவிட்டால் எதிரே நின்றவர் சினங்கொள்வார். அக்காலத்திலேயே குவேக்கர் என்னும் சமயத்தார் எல்லோரையும் ஒருமையால் விளித்தலைக் கொள்கையாகக் கொண்டு, அதனால் அடியும் உதையும் பட்டனர். ஒரு மூவிடப்பெயர் அத்துணைப் பொருளுடையதாயிருந்தது.

மற்றொரு சான்று எதிர்காலம் உணர்த்தும் 'ஷால்', 'வில்' என்னும் துணைவினைகள் பற்றியது. இவற்றை எங்கெங்கு ஆளுவது என அறிதல் அயலார்க்கு அரிது என்பதனாலேயே விதி கூறுவதாக வாலிஸ் வெளிப்படச் சொல்கின்றார். தன்மையில் முன்னது வருவதை உரைக்கும், பின்னது உறுதிமொழியோ அச்சுறுத்தலோ ஆகும். முன்னிலையிலும் படர்க்கையிலும் இது மாறி நிற்கும் என்பது அவ்விதி. ஆற்றில் விழுந்த அயல்நாட்டார் ஒருவர் இவ்விரண்டையும் மாற்றிச் சொல்ல, 'மூழ்கியே தீருவேன், ஒருவரும் என்னைக் காப்பாற்றக் கூடாது' எனப் பொருள்பட்டுக் கரையில் நின்றார் வாளாவிருந்தனர் என ஒரு நகைக்கதை ஆங்கில ஆசிரியர்களிடையே வழங்கும். அயலாரின் இடர்ப்பாட்டை நீக்க எழுந்த இவ்விதி, பின்னர் ஆங்கிலேயர்க்கே உரிய கட்டளையாய் மாறியது. 1795இல் லிண்ட்லி மரே என்னும் அமெரிக்கர் யார்க்கு நகரப் பெண்கள் பள்ளிக்கென எழுதிய இலக்கணம் இவ்விதியைத் தழுவி எங்கும் பரவிற்று. அதன் வழிநூல்கள் நம் நாட்டுப் பள்ளிகளையும் அடைந்தன. நம்மவர் பல தலைமுறை இதனை மனப்பாடம் செய்தனர். இங்கிலாந்துத் தெருவில் பேசுவோர் இதனைப் பேணினரா என்பதை அவர்கள் கேட்கவில்லை. கேட்க வாய்ப்பும் இல்லை.

உரையாடலும் இலக்கணமும் ஒரே நூலில் செவ்வனே கூடியது 1685இல். அவ்வாண்டு அக்டோபரில் பதினான்காம் லூயி மன்னர் நாந்து ஆணையை நீக்கியபின், நாற்பது ஐம்பதினாயிரவர் இங்கிலாந்தை அடைந்தனர் என மதிப்பிடுவர். அதே ஆண்டில் வெளிவந்த 'ஆங்கிலம் கற்கும் புதுமுறை' என்னும் நூலின் ஆசிரியர் கீ மியேஜ். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரினரான இவர் 1661இல் இங்கிலாந்தை அடைந்து, ஆங்கிலத் தூதுக் குழுவோடு மாஸ்கோ வரை சென்று மீண்டவர். பிரெஞ்சு-ஆங்கில அகராதியும் செய்தவர். தெளிவான இலக்கணம், பொருள்வகையால் தொகுத்த சொற்கள், உரையாடல்கள் என்னும் மூன்றும் இவர் நூலில் உள்ளன. பெல்லோவின் நூல் சென்ற இடத்திற்கே இதுவும் சென்றது. ஆயின் இம்முறை இலக்கணமும் உடன் சென்றது. மூன்றாண்டு கழித்து அவர் ஆங்கிலத்திலேயே ஓர் ஆங்கில இலக்கணம் எழுதி வெளியிட்டார். ஏதிலாராய் வந்தவர் உள்நாட்டார்க்கு இலக்கண ஆசிரியரானார்.

இக்கூட்டு நெடிது நிலைக்கவில்லை. 1793இல் செருமானியராகிய பிக் என்பார் ஆங்கிலப் பாடநூல் ஒன்றை வெளியிட்டார். விதி ஒன்று, அதனை விளக்கத் தனித்தனி வாக்கியங்கள், அவற்றை மொழிபெயர்த்தல் என்னும் முறை அதனால் வலுப்பெற்றது. பள்ளித் தேர்வுக்கு அம்முறை ஏற்றது. நூறு பேரை ஒரே அறையில் வைத்துத் திருத்த முடியும். ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுதும் அதுவே ஆட்சி செய்தது. அன்றாடப் பேச்சு மீண்டும் கற்றார் கவனத்தைப் பெற்றது 1882இல் வில்ஹெல்ம் வியெட்டர் எழுதிய சிறுநூலுக்குப் பின்னரேயாம். மொழி கற்பித்தல் முற்றும் திரும்ப வேண்டும் என அவர் முழங்கினார். மூன்றாண்டில், அதாவது 1885இல், ஆக்ஸ்போர்டைச் சார்ந்த ஹென்றி ஸ்வீட் பேச்சாங்கிலத்திற்கு ஓர் அடிப்படை நூல் தந்தார். கற்றார் இலண்டனில் உண்மையாகப் பேசும் ஆங்கிலம் அதில் ஒலிக்குறிகளால் எழுதப்பட்டது. இந்நூல் செருமானிய மாணவர்க்காகச் செருமன் மொழியில் எழுதப்பட்டதாகும். ஆங்கிலேயர்க்கு உரிய வடிவம் 1890இல்தான் வந்தது. ஒலியியலில் இணையற்ற இப்பெரியார்க்குத் தம் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தரவில்லை என்பதையும் சொல்லிச் செல்வோம். ஆங்கிலப் பேச்சுக்கு விரிவான இலக்கணம் 1924இல் ஹரால்டு பாமர் எழுதினார். அப்போது அவர் தோக்கியோவில் இருந்தார். பெல்லோவின் மூன்றாம் பத்தி, முந்நூறு ஆண்டுகள் கழித்து, அறிவியற் கோலம் பூண்டு மீண்டு வந்தது எனலாம். அப்போதும் அது வந்தது அயலார் பொருட்டே.

நம் நாட்டில் இதே வினை எதிர்த்திசையில் நிகழ்ந்துள்ளது. 1706இல் தரங்கம்பாடியை அடைந்த சீகன்பால்கு, சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். அவருடைய தமிழிலக்கணம் 1716இல் செருமனியின் ஹாலே நகரில் இலத்தீனில் வெளிவந்தது. வீரமாமுனிவர் செந்தமிழுக்கும் கொடுந்தமிழுக்கும் வெவ்வேறு இலக்கணம் இலத்தீனில் எழுதினார். கொடுந்தமிழ் என்பது நம் உரையாசிரியர்க்குச் செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த நாடுகளின் வழக்கு. முனிவர் அச்சொல்லை அன்றாடப் பேச்சுக்கு ஆண்டார். கத்தோலிக்கத் துறவி எழுதிய அந்நூல் 1738இல் தரங்கம்பாடிச் சீர்திருத்தச் சபையாரின் அச்சகத்திலேயே அச்சானது. மொழி கற்க வேண்டிய தேவை, சமயப் பகையையும் சற்றே மறக்கச் செய்தது போலும். பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பேச்சை அறிய நமக்கு எஞ்சிய சான்றுகளுள் இந்நூல் தலையாயது.

ஆயினும், இலண்டனில் ஓடிவந்தோர் ஏதிலாராயிருந்தனர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி வளர்ந்தபின் ஈண்டு வந்த ஏதிலாரோ ஆள்வோர். இவ்வேறுபாடு உரையாடல் நூல்களில் படிந்துள்ளமையை நோக்குவார்க்குத் தெளிவாகப் புலனாகும். வங்காளியர் ஆங்கிலம் கற்க ஜான் மில்லர் 1797இல் செராம்பூரில் வெளியிட்ட பாடநூல், இந்நாட்டில் ஆங்கிலம் கற்பிக்க எழுந்த மிகப் பழைய நூல்களுள் ஒன்று. கல்கத்தாவில் 1800இலும் சென்னையில் 1812இலும் கம்பெனி அலுவலர்க்கு நாட்டு மொழி கற்பிக்கக் கல்லூரிகள் ஏற்பட்டன. கல்கத்தாக் கல்லூரியின் பேராசிரியரான ஜான் கில்கிறிஸ்டு, இந்துஸ்தானி கற்க வழிகாட்டும் நூலொன்றை 1802இல் வெளியிட்டார். தலைப்பில் அவர் கற்போரைச் சுட்ட ஆண்ட சொல், இலண்டனில் பெல்லோவின் மக்களைச் சுட்டிய அதே சொல். அவருடைய உரையாடல்களில் பெருவாரியாக வருவன ஏவல் வினைகளும் எதிர்மறை ஏவல்களும்: கொண்டுவா, எடுத்துச் செல், தாமதியாதே. பணியாளன் கூறும் மறுமொழிக்கு அவற்றில் இடம் மிகச் சிறிது. பெல்லோவின் நூலில் மீன் விற்பவள் நெடுநேரம் பேசுகின்றாள்.